அடி மண்ணில் ஒரு வக்கீலின் கை

(ஆர்.கே.புரத்தில் நம் உறுப்பினர் குடும்பங்கள் கூடிய மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





இன்றைக்கு ஒரு வக்கீலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னதும், பின் வரிசையில் இருந்து ஒரு தாய், “வக்கீலா? நமக்கு அந்த வாசலே வேண்டாம்பா” என்று சிரித்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் சட்டம் என்றால் என்ன? போலீஸ்காரரின் தடி. முத்திரைத்தாள். “நாளைக்கு வா” என்று சொல்கிற ஜன்னல். அதற்கு மேல் சட்டத்தோடு நமக்கு உறவு கிடையாது.

ஆனாலும் ஒரு கேள்வியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். செக்டார் வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகும் தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள். மலை மந்திர் பக்கம் பூக்கூடை வைத்திருப்பவர்கள் கேட்டிருக்கிறார்கள். இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தம்பி கேட்டிருக்கிறான். மத்திய சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்த பழைய தலைமுறையும் கேட்டிருக்கிறது. “நீ எந்த ஊர்? மதராஸியா? உனக்கு இங்கே என்ன வேலை?” என்பதுதான் அந்தக் கேள்வி.

போன மாதம் நம் சகோதரி ஒருவர் ஒரு அலுவலகத்துக்குப் போனார். பெயர் வேண்டாம், அலுவலகமும் வேண்டாம். விண்ணப்பத்தை வாங்கியவர் அதைப் படிக்கவே இல்லை. “உங்கள் ஊரிலேயே போய்க் கேளுங்கள்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சகோதரி பதில் பேசாமல் வந்துவிட்டார். என்ன பதில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நம்மில் பலருக்கும் தெரியாது.

தோழர்களே, அந்தப் பதில் எழுதப்பட்டிருக்கிறது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, இதே டில்லியில், நாம் இங்கிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் உள்ள பாராளுமன்றக் கட்டடத்தில் எழுதப்பட்டது. எழுதிய கைகளில் ஒன்று சென்னையில் இருந்து வந்த ஒரு வக்கீலின் கை. அவர் பெயர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர்.

பெயரைக் கேட்டதும் சிலர் நெற்றியைச் சுருக்குகிறார்கள். பொறுங்கள். நாம் யாருக்கும் சிலை வைக்க வரவில்லை. அவர் நமக்குக் கொடுத்ததையும் சொல்வோம், அவர் நமக்கு எதிரே நின்றதையும் சொல்வோம். கணக்கை நேர்மையாகப் பார்ப்பதுதான் நம் சங்கத்தின் வழக்கம்.

யார் இவர்?

1883-ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்துப் புதூர் என்ற கிராமத்தில் பிறந்தவர். தாய்மொழி தெலுங்கு. அப்பா கோயில் அர்ச்சகர். வசதியான குடும்பம் இல்லை. சென்னைக்கு வந்து கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். சட்டம் படித்தார். மயிலாப்பூரில் குடியேறினார். ஆக, அவரும் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்தான். மொழி வேறான பட்டணத்தில் காலூன்றியவர்தான்.

1929 முதல் 1944 வரை பதினைந்து ஆண்டுகள் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல் பதவியில் இருந்தார். வெள்ளைக்கார அரசு ‘சர்’ பட்டம் கொடுத்தது. சிறைக்குப் போனவர் அல்ல. மேடை ஏறிக் கூட்டத்தை எழுப்பியவரும் அல்ல. சட்டப் புத்தகத்தோடு வாழ்ந்தவர். அப்படிப்பட்டவரை 1946-இல் அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பினார்கள். காரணம் எளிது. வீடு கட்ட ஆசை இருந்தால் மட்டும் போதாது, சுவர் நூல் பிடித்து எழும்ப வேண்டும். அதற்குக் கொத்தனார் வேண்டும்.

1947 ஆகஸ்ட் 29 அன்று வரைவுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் டாக்டர் அம்பேத்கர். தொடக்கத்தில் ஏழு உறுப்பினர்கள். அதில் அல்லாடி ஒருவர், கோபாலசாமி அய்யங்கார் ஒருவர். பின்னர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியும் சேர்ந்தார். அதற்கு முன்பே அடிப்படை உரிமைகளுக்கான துணைக்குழுவிலும், உச்ச நீதிமன்றம் எப்படி அமைய வேண்டும் என்று ஆராய்ந்த தனிக்குழுவிலும் அல்லாடி இருந்தார்.

1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் தமது முடிவுரையில், தம்மைவிடப் பெரியவர்களும் தகுதியுள்ளவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள் என்று சொல்லி, அல்லாடியின் பெயரைத் தனியே குறிப்பிட்டார். அது அம்பேத்கரின் பெருந்தன்மை. தலைமைச் சுமையைத் தாங்கியவர் அம்பேத்கர்தான் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனாலும் இதைக் கவனியுங்கள். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானையைத் தொட விடாமல் தள்ளிவைக்கப்பட்ட குழந்தையாக இருந்தவர் அந்தக் குழுவின் தலைவர். அர்ச்சகர் வீட்டுப் பிள்ளை உறுப்பினர். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு நாட்டின் அடி மண்ணைக் கொத்தினார்கள்.

முதல் வாசல்: எங்கும் போகலாம், எங்கும் வாழலாம்

அந்த மேசையில் இருந்து நமக்கு என்ன வந்தது?

இந்தியாவில் குடியுரிமை ஒன்றே ஒன்று. தமிழ்நாட்டுக் குடியுரிமை, டில்லிக் குடியுரிமை என்று தனித்தனியாக எதுவும் கிடையாது. 19-ஆவது பிரிவு, நாட்டின் எந்தப் பகுதிக்கும் தடையின்றிப் போகவும், எந்தப் பகுதியிலும் குடியிருக்கவும், எந்தத் தொழிலும் செய்யவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. “உனக்கு இங்கே என்ன வேலை?” என்று கேட்பவருக்கு இதுதான் முதல் பதில்.

அடுத்தது சர்க்கார் வேலை. வெளியூர்க்காரன் என்பதற்காக வேலை மறுக்கலாமா? 1948 நவம்பர் 30 அன்று இந்தக் கேள்வி சபையில் வந்தது. சாதி, மதம், பிறந்த இடம் பார்த்து அரசு வேலையை மறுக்கக் கூடாது என்று வரைவில் இருந்தது. ‘குடியிருக்கும் இடம்’ என்பதையும் பார்க்கக் கூடாது என்று சேர்க்க வேண்டும் என்றார் ஒரு உறுப்பினர். நல்லதுதான். ஆனால் மாகாணங்கள் சும்மா இருக்குமா? “எங்கள் பிள்ளைகளுக்கு என்ன வழி?” என்று கேட்டன. அந்தக் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நம் ஊரில் இருந்தால் நாமும் அதையே கேட்டிருப்போம்.

இங்கேதான் அல்லாடி எழுந்தார். ஒரு திருத்தம் கொடுத்தார். சில வகை வேலைகளுக்குக் குடியிருப்பு நிபந்தனை தேவைப்படலாம், ஆனால் அதை விதிக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு மட்டுமே இருக்கும் என்றது அந்தத் திருத்தம். அதாவது, ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி வேலி போட முடியாது. வேலி தேவைதானா என்பதை எல்லா மாநிலங்களின் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருக்கும் ஒரே சபை தீர்மானிக்க வேண்டும். இன்று 16-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவாக இருப்பது அதுதான்.

ஒரு சாதாரண வாக்கியம். அதன் பலனைப் பாருங்கள். 1957-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. மாநிலங்களில் அதுவரை இருந்த குடியிருப்பு நிபந்தனைகளை ரத்து செய்தது. தெலுங்கானா, இமாசலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா ஆகிய பகுதிகளுக்கு மட்டும் சில காலத்துக்கு விலக்குக் கொடுத்தது. தெலுங்கானாவுக்கான விலக்கை 1969-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதன் பிறகு அங்கே எழுந்த கொந்தளிப்பும், 1973-இல் ஆந்திராவுக்கென்று தனிப் பிரிவு சேர்க்கப்பட்டதும் வேறு கதை. வேலை பற்றிய பயம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு அது சாட்சி.

நம் பக்கத்து வாசலுக்கே வருவோம். அரியானா அரசு 2020-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தனியார் கம்பெனிகளில் மாதம் 30,000 ரூபாய்க்குக் குறைவான சம்பளமுள்ள வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கே என்றது. குர்கானுக்கும் பரீதாபாத்துக்கும் தினமும் போய் வருகிற நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் வயிற்றில் புளியைக் கரைத்த சட்டம் அது. 2023 நவம்பர் 17 அன்று பஞ்சாப் - அரியானா உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அடி மண்ணில் போட்ட கல் எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் நின்றது.

கடல் கடந்து ஒரு பாடம்

“இதெல்லாம் தானாக வந்திருக்கும், ஒரு வக்கீல் எழுதினால்தானா?” என்று கேட்கலாம். அப்படிக் கேட்பவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவுக்கு அடுத்த ஆண்டு, 1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதற்கும் அரசியல் சட்டம் எழுத ஒரு பெரிய சட்ட மேதை துணையிருந்தார். ஐவர் ஜென்னிங்ஸ் என்ற ஆங்கிலேயர். சுருக்கமான சட்டம். அடிப்படை உரிமைகள் என்று ஒரு பட்டியல் கிடையாது. எந்த ஒரு இனத்துக்கும் எதிராகத் தனிச் சட்டம் போடக் கூடாது என்று 29-ஆவது பிரிவு மட்டும் இருந்தது. அது போதும் என்று நினைத்தார்கள்.

போதவில்லை. இலங்கைக் குடியுரிமைச் சட்டம் 1948 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த மண்ணில் தேயிலைச் செடி நட்டு, ரப்பர் பால் எடுத்து, தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழரில் பெரும்பாலோர் ஒரே நாளில் நாடற்றவர்களானார்கள். மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அவர்கள்! வழக்குப் போட்டார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். 1953-இல் அங்கேயும் தோற்றார்கள். இது குடியுரிமையை வரையறுக்கும் சட்டம்தான், ஒரு இனத்துக்கு எதிரான சட்டம் அல்ல என்று தீர்ப்பு வந்தது. 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று மூட்டை பிரிப்பதைப் போல மனிதர்களைப் பிரித்தார்கள்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொழும்பில் 1948 நவம்பர் 15. டில்லியில் 1948 நவம்பர் 30. இரண்டுக்கும் நடுவே பதினைந்தே நாள். அங்கே உழைக்க வந்தவன் அந்நியன் என்று எழுதினார்கள். இங்கே உழைக்கப் போகிறவன் எங்கும் குடிமகன் என்று எழுதினார்கள். அது நாடு விட்டு நாடு, இது ஒரே நாட்டுக்குள் என்ற வேறுபாடு உண்டுதான். ஆனால் அங்கே போனவரும் இங்கே வந்தவரும் ஒரே மாதிரியான வறண்ட கிராமங்களில் இருந்து ஒரே மாதிரியான பசியோடு புறப்பட்டவர்கள்தாம்.

ஜென்னிங்ஸ் பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து உரையாற்றினார். இந்திய அரசியல் சட்டம் மிக நீளம், மிக இறுக்கம், வக்கீல்களின் கை அதிகம் என்று குறை சொன்னார். நீளம்தான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சுருக்கமாக எழுதியதன் விலையை மலையகத்து லயங்களில் குடியிருந்தவர்கள் கொடுத்தார்கள்.

இரண்டாவது வாசல்: ஒட்டு

அந்தக் காலத்தில் ஓட்டு யாருக்கு? வரி கட்டுபவனுக்கு, சொத்து வைத்திருப்பவனுக்கு, படித்தவனுக்கு. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு அதுதான். கூலிக்காரனுக்கும் அவன் மனைவிக்கும் ஓட்டு கொடுத்தால் நாடு கெட்டுவிடும் என்று சொன்ன பெரிய மனிதர்கள் பலர். 1951 கணக்குப்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டு பேர்தான்.

சர் பட்டம் பெற்ற இந்த மயிலாப்பூர் வக்கீல் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? 1949 நவம்பர் 23 அன்று, சட்டம் நிறைவேறுவதற்கு மூன்று நாள் முன்னால், அவர் சபையில் பேசினார். மக்களில் பெரும்பாலோர் படிக்காதவர்கள் என்பது தெரிந்தே, சாதாரண மனிதன் மேல் முழு நம்பிக்கை வைத்து, வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை என்ற கொள்கையை இந்தச் சபை ஏற்றிருக்கிறது என்றார். அந்தக் கொள்கையை ஆதரித்துப் பேசினார். அதுவரை நம்மைக் கட்சிக்காரராக மட்டும் பார்த்திருந்த ஒருவர், நம்மை எஜமானராக ஏற்ற நாள் அது.

ஓட்டு கொடுத்தால் மட்டும் போதுமா? பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமே! இங்கே அம்பேத்கரின் பங்கைச் சொல்லாமல் விடக் கூடாது. முதலில் எழுதிய வரைவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் தேர்தல் கமிஷன் என்றுதான் இருந்தது. 1949 ஜூன் 15 அன்று அம்பேத்கர் அதை மாற்றினார். ஏன்? சில மாகாணங்களில், தங்கள் இனத்தையோ மொழியையோ பண்பாட்டையோ சேராதவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்காமல் தவிர்க்கிறார்கள் என்று புகார் வந்திருந்தது. அதனால் நாடு முழுவதற்கும் ஒரே தேர்தல் கமிஷன், அதுவும் ஆளும் கட்சியின் கைக்கு வெளியே, என்று ஏற்பாடு செய்தார்.

தோழர்களே, இதைத் திரும்பவும் சொல்கிறோம். இந்தியாவின் தேர்தல் கமிஷன் மத்தியில் ஒரே கமிஷனாக இருப்பதற்குக் காரணங்களில் ஒன்று, நம்மைப் போல் வேற்று மொழி பேசும் இடத்தில் வாழ்பவர்களின் பெயர் விட்டுப்போகக் கூடாது என்பது. நமக்காகக் கட்டப்பட்ட சுவர் அது. ஆனால் நாம் அதில் சாய்வதே இல்லை. நம்மில் எத்தனை பேர் இன்னும் ஊரிலும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் பெயரைத் தொங்கவிட்டிருக்கிறோம்?

மூன்றாவது வாசல்: கோர்ட்

உரிமையை எழுதிவிட்டால் அது காகிதம்தான். பறித்தால் யாரிடம் முறையிடுவது? 32-ஆவது பிரிவு அதற்கு வழி செய்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம். 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். அந்த நீதிமன்றம் அமைய வேண்டிய முறையை ஆராய்ந்த குழுவில் அல்லாடி இருந்தார் என்று முன்பே சொன்னோம். 1950 ஜனவரி 28 அன்று பாராளுமன்றக் கட்டடத்திலேயே ஒரு மண்டபத்தில் உச்ச நீதிமன்றம் தொடங்கியது. இப்போதுள்ள கட்டடத்துக்கு 1958-இல்தான் போனது.

அந்த வாசலில் கூலித் தொழிலாளி எப்போது நுழைந்தான்? 1982 ஆசிய விளையாட்டுக்காக டில்லியில் மேம்பாலமும் ஸ்டேடியமும் கட்டியபோது வெளி மாநிலத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஜமேதார் ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டான். தொழிலாளி கையில் 8 ரூபாய் 25 காசு. ஒரு ஜனநாயக உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே வழக்கானது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது, 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்று 1982 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. பசிதான் அவனைக் கட்டாயப்படுத்துகிறது, பசியும் ஒரு சங்கிலிதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஒரு ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் பேசியது, தோழர்களே. ஜமேதாருக்கு இன்றும் கமிஷன் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் நமக்கு எதிரே நின்ற இடங்கள்

இனி மறுபக்கம்.

தனி மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்க அரசுக்கு என்ன தடை? முதல் வரைவுகளில், நியாயமான சட்ட முறைப்படி அன்றிப் பறிக்கக் கூடாது என்ற கருத்து இருந்தது. அந்த முறை நியாயமானதுதானா என்று நீதிமன்றம் பார்க்கலாம். அதை முதலில் ஆதரித்த அல்லாடி பின்னர் மனம் மாறினார். சட்டம் வகுத்த முறை என்று மட்டும் இருந்தால் போதும் என்ற பக்கம் சாய்ந்தார். நீதிபதிகள் சட்டசபையின் தலை மேல் ஏறிவிடுவார்கள் என்ற அச்சம் அன்று பலருக்கு இருந்தது. நிலச் சீர்திருத்தத்தை நீதிமன்றம் தடுத்துவிடும் என்ற கவலையும் இருந்தது. ஆனால் விளைவு என்ன? சென்னை ராஜ்யத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் போட்ட வழக்கில், 1950 மே மாதம், சட்டம் ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று பார்ப்பது எங்கள் வேலை அல்ல என்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை சொல்லிவிட்டது. அந்தக் கதவு திறக்க 1978-இல் மேனகா காந்தி வழக்கு வரை, இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயிற்று. நடுவில் நெருக்கடி நிலையும் வந்து போயிற்று. எத்தனை குடும்பங்கள் அழுதன!

இரண்டாவது, வகுப்புரிமை. பின்தங்கிய மக்களுக்குக் கல்லூரி வாசலைத் திறந்து வைத்தது சென்னை ராஜ்யத்தின் கம்யூனல் ஜி.ஓ. மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் பற்றி அதை எதிர்த்து 1950-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. அந்த ஆணை செல்லாது என்று வாதாட வந்தவர் வேறு யாருமல்ல, அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் இருந்த இதே அல்லாடிதான். உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அதோடு முடிந்துவிட்டதா? இல்லை. தமிழகம் கொதித்து எழுந்தது. பெரியார் போராடினார். காமராசர் டில்லிக்கு எடுத்துச் சொன்னார். 1951 ஜூன் மாதம் முதல் திருத்தம் வந்தது. 15-ஆவது பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. நம் பிள்ளைகளில் இன்று டாக்டர் ஆனவர்கள், என்ஜினியர் ஆனவர்கள் அந்த உட்பிரிவின் வழியாகத்தான் உள்ளே போனார்கள்.

ஆக, பாடம் என்ன? அடி மண்ணைப் போட்டவன் பெரிய வக்கீலாக இருக்கலாம். ஆனால் வீடு அவனுடையது அல்ல. குடியிருப்பவர்களுடையது. கட்டியவன் ஒரு வாசலை அடைக்க வந்தபோது, குடியிருப்பவர்கள் சேர்ந்து நின்று அதைத் திறந்தார்கள். அதற்கும் வழி அந்தச் சட்டத்திலேயே இருந்தது. திருத்தம் செய்யும் வழி என்று ஒன்றை எழுதி வைத்தார்களே, அந்த விஷயத்தில் அவர்கள் தங்களைவிடப் பெரியவர்கள்.

அல்லாடி 1953 அக்டோபரில் காலமானார். நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அவரோடு நமக்குக் கணக்கும் இருக்கிறது. இரண்டும் உண்மை.

ஜங்புராவில் இடிந்த வீடுகள்

கடைசியாக, நம் நெஞ்சில் இருப்பதைப் பேசாமல் இந்தக் கூட்டத்தை முடிக்க முடியாது. 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் பாராபுலா சாக்கடை ஓரத்தில் இருந்த மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்கு மட்டும் நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று கணக்கெடுத்தார்கள். மற்றவர்கள்?

“எந்தப் பகுதியிலும் குடியிருக்கலாம் என்று 19-ஆவது பிரிவு சொல்கிறதே, பின் ஏன் இடித்தார்கள்?” என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. டில்லியில் வாழலாம் என்ற உரிமை எழுதப்பட்டிருக்கிறது. டில்லியில் ஒரு கூரை என்பது எழுதப்படவில்லை. அல்லாடியும் அம்பேத்கரும் உட்கார்ந்த மேசையில் அது கோர்ட்டில் கேட்கக் கூடிய உரிமையாக ஆகவில்லை. 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு அடி முன்னே போனது. அந்த வழக்கில் மனுப் போட்டவர்களில் ஒருவர், வறட்சியில் வேலை இழந்து 1961-இல் சேலத்தில் இருந்து பம்பாய்க்குப் போன நிலமற்ற தமிழ்க் கூலித் தொழிலாளி. வாழும் உரிமைக்குள் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தது. அந்தப் பாதி இன்னும் கட்டப்படாமல் கிடக்கிறது. அதைக் கட்டுவது நம் தலைமுறையின் வேலை.

அதுவரை கையில் இருப்பதைப் பிடித்துக்கொள்வோம். மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டா இல்லையா என்று பார்க்கும்போது அதிகாரிகள் முதலில் கேட்பவற்றில் ஒன்று, இந்த முகவரியில் வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டா என்பது. 1949-இல் நமக்காகக் கட்டிய அந்தச் சுவர்தான், தோழர்களே! அதில் பெயர் இருந்தவன் வீட்டுக்குக் கணக்கில் வந்தான். இல்லாதவன் தெருவுக்கு வந்தான்.

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம். ஒன்று, நம் குடும்பங்களில் பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவர் பெயரும், பெண்கள் பெயர் உட்பட, நாம் வாழும் முகவரியில் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்போம். இரண்டு, ரேஷன் கார்டு, மின்சார ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, நகல் எடுத்து வேறு ஒரு வீட்டில் வைப்போம். தீயும் வெள்ளமும் புல்டோசரும் சொல்லிவிட்டு வருவதில்லை. மூன்று, வக்கீல் வைக்கக் காசில்லை என்று வாயை மூடிக்கொள்ள வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் அதற்கென்று அலுவலகம் இருக்கிறது. தனியாகப் போகத் தயங்குபவர்களோடு சங்கத்தில் இருந்து ஒருவர் வருவார்.

தொடக்கத்தில் சொன்ன அந்தச் சகோதரியோடு நாங்கள் வரும் திங்கட்கிழமை அதே அலுவலகத்துக்குப் போகிறோம். சண்டை போட அல்ல. விண்ணப்பத்தை மறுபடியும் கொடுக்க. வாங்கியதற்கு ரசீது கேட்க. “உங்கள் ஊரிலேயே போய்க் கேளுங்கள்” என்று திரும்பவும் சொன்னால், சகோதரி என்ன சொல்ல வேண்டும் என்று நேற்று மாலை உட்கார்ந்து இந்தியில் பழகிக்கொண்டார். “இதுவும் என் ஊர்தான்” என்று சொல்லப் போகிறார்.

வர விரும்புகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குச் சங்க வாசலுக்கு வாருங்கள்.